அட்டைக் கடிகாரம்

என் மகளை எங்கள் பள்ளிக்கூடத்தில் தெரியாதவர்களே கிடையாது. காரணம், மணி. தாழ்வாரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டை ஒவ்வொரு பாடம் முடிந்ததும் பியூன் சுத்தியலால் அடிப்பார். அடித்ததுதான் தாமதம், என் வகுப்பின் மூலையில் உட்கார்ந்திருக்கும் இவள் காதைப் பொத்திக்கொண்டு வீறிடுவாள். மணி ஓய்ந்த பிறகும் இவள் ஓயமாட்டாள்.

வீட்டில் விட்டுவிட்டு வர ஆளில்லை. கணவர் காய்ச்சலில் தவறிய பிறகு மைசூரில் எனக்கு மிஞ்சியது இவளும் இந்த டீச்சர் வேலையும்தான். சுதந்திரம் வந்து சில வருஷங்களே ஆகியிருந்த காலம் அது. ஆட்டிசம் என்ற சொல்லை நான் கேள்விப்பட்டதே தலை நரைத்த பிறகு. அப்போது ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்தார்கள். ஊமை என்றார்கள், பிடிவாதம் என்றார்கள். நான் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டேன் என்று சர்ச்சில் ஓர் அம்மாள் ஜெபம் முடிந்த கையோடு சொன்னாள். அவளுக்கு நான் கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது.

மகள் பேசமாட்டாள், வாய் திறந்து எதையும் கேட்கமாட்டாள். தண்ணீர் வேண்டுமென்றால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போய்க் கையைச் சொம்பின் மேல் வைப்பாள். வேறு யார் கையையும் தொடமாட்டாள். யாராவது தொட்டாலும் துள்ளி விலகுவாள்.

தலைமை ஆசிரியை கெட்டவர் இல்லை. ஆனாலும் ஒருநாள் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"டீச்சர், பேரன்ட்ஸ் எல்லாம் கம்ப்ளெயின்ட் பண்றாங்க. இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். அப்புறமும் கத்தினா பொண்ணை இங்க கூட்டிட்டு வராதீங்க."

அவள் வராவிட்டால் நானும் வர முடியாது. அது அவருக்கும் தெரியும்.

அவளுக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று, ஒரே மாதிரி இருப்பவற்றை ஜோடி சேர்ப்பது. தேவராஜ மார்க்கெட்டில் ஊதுபத்திக் கடைக்காரரிடம் வாங்கிய, படம் போட்ட பழைய பெட்டி அட்டைகளைப் பாதியாக வெட்டிக் கலைத்துப் போடுவேன். நொடியில் சேர்த்துவிடுவாள். படம் தெரியாமல் கவிழ்த்துப் போட்டாலும் மோந்து பார்த்தே சேர்ப்பாள். அதில் நான் அவளிடம் தோற்றுக்கொண்டே இருந்தேன். எனக்கு எல்லாம் சந்தன வாசனைதான்.

அந்த வாரம் சமையலறையில் தட்டும் கரண்டியுமாக உட்கார்ந்து டங் டங்கென்று அடித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. சத்தமல்ல, அது சொல்லாமல் கொள்ளாமல் வருவதுதான் அவளுக்குச் சங்கடம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மணி வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். பேச்சு ஏறாத பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? ஜோடி சேர்த்துத்தான்.

புடவைப் பெட்டியின் மூடியை வட்டமாக வெட்டி, எங்கள் வீட்டு டைம்பீஸைப் பார்த்து எண்கள் எழுதினேன். ஈர்க்குச்சியில் இரண்டு முள், நடுவில் ஒரு குண்டூசி. அட்டையில் ஒரு நேரத்தை வைத்துக் கொடுத்தேன். டைம்பீஸும் அதே நேரத்தைக் காட்டியதும் தட்டை டங்கென்று அடித்தேன். சில நாளில் பழகிவிட்டாள். இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டப்போகும் சமயம் கண்ணை மூடிக் காதைப் பொத்திக்கொள்வாள். அடித்து முடித்ததும் கையை எடுத்துவிடுவாள்.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே பள்ளிக்கு எடுத்துப் போனேன். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள், வீசி எறிந்தாள். வகுப்புச் சுவரில் இருந்தது ரோமன் எண் போட்ட கடிகாரம். இரண்டும் ஜோடியே இல்லை! பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவளுக்கு இது தோன்றவில்லை பாருங்கள். சாயங்காலமே இன்னோர் அட்டை வெட்டி ரோமன் எண்களை எழுதினேன். அதை அவள் மடியில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு மணிக்குப் பிறகும் அடுத்த மணியின் நேரத்துக்கு முட்களை நான் நகர்த்தி வைப்பேன். வீறிடுவது குறைந்தது. ஆனால் நிற்கவில்லை.

மாதக் கடைசியில் தலைமை ஆசிரியை வந்து என் வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்தார். நான் கூட்டல் நடத்தினேன். என்ன கூட்டினேனோ, கர்த்தருக்குத்தான் வெளிச்சம். அட்டையும் சுவரும் ஒன்றாயின. மகள் கண்ணை மூடிக் காதைப் பொத்தினாள்.

மணி அடிக்கவில்லை.

கண்ணைத் திறந்தாள். சுவரைப் பார்த்தாள். பெரிய முள் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. போச்சு, இப்போது கத்தப்போகிறாள், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவள் எழுந்தாள். தலைமை ஆசிரியையைத் தாண்டித் தாழ்வாரத்துக்கு நடந்தாள். அங்கே பியூன் தபால்காரரோடு ஊர்க்கதையில் மூழ்கியிருந்தார். என் மகள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அட, இருங்க சாமி, வர்றேனுங்க! டீச்சரம்மா, இந்தப் புள்ள என்னையக் கையைப் புடிச்சு இழுக்குதுங்களே!" என்றார் கொள்ளேகால் பக்கத்திலிருந்து வந்த அந்தப் பியூன்.

இழுத்துப் போய் அவர் கையைச் சுத்தியலின் மேல் வைத்துவிட்டு, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றாள். அவர் அடித்தார். அவளிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. அடித்து முடித்ததும் வந்து தன் மூலையில் உட்கார்ந்து, முட்களை நகர்த்தச் சொல்லி அட்டையை என் பக்கம் நீட்டினாள்.

தலைமை ஆசிரியை தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு வாசலில் நின்று பியூனிடம் சொன்னார்.

"நாளையிலிருந்து அந்தப் பொண்ணு வந்து கூப்பிட்டா உடனே அடிக்கணும். தெரிஞ்சுதா?"

நாளையிலிருந்து என்றார். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். நான் ஏதோ எழுதப்போகிறேன் என்று பிள்ளைகள் சிலேட்டைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.