கொப்பரையில் வறுத்த கரி

பரமத்தியைத் தாண்டி முதல் மேட்டில் பஸ் இருமியது, குலுங்கியது, நின்றுவிட்டது. பின்னால் காஸ் பிளான்டிலிருந்து வெள்ளைப் புகை. அன்றைக்கு நிற்கக்கூடாத பஸ் அது.

யுத்த காலம். நான் டிரைவர். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களைக் கரியில் ஓட்டினோம். பின்பக்கம் பீப்பாய் போல ஒரு பிளான்ட். அதில் கரியைப் போட்டுப் பற்றவைத்து, காற்றூதும் புளோயரைக் கையால் சுற்றினால் காஸ் வரும், அதில் எஞ்சின் ஓடும். அந்த பஸ்ஸை நான் ஒரு நாளும் மதித்ததில்லை. முதலாளியின் வண்டிதானே என்ற நினைப்பு. மனசெல்லாம் நான் வாங்கப்போகும் பஸ்ஸில்தான். அதற்கு என்ன பெயின்ட், எந்த ஹாரன் என்பதுவரை முடிவுசெய்து வைத்திருந்தேன். ஏறுகிறவர் இறங்குகிறவரிடமெல்லாம் அதே பேச்சு.

பரமத்தியை அடுத்த வேலூரின் வெற்றிலை வியாபாரி செங்கோடண்ணன் அதைக் காதில் வாங்கியிருக்கிறார். கரி பஸ்ஸில் வெற்றிலையைச் சேலம் சாயங்கால ரயிலுக்குச் சேர்த்துக் காட்டு, யுத்தம் முடிந்ததும் கூட்டாக பஸ் வாங்கலாம் என்றார். அன்றைக்குத்தான் அந்தப் பரீட்சை. கூடைகள் டாப்பில், அவர் என் பக்கத்து சீட்டில்.

டாப்பில் ஏறிப் பார்த்தேன். கரி மூட்டைகள் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. வெற்றிலை வாடிவிடுமே என்று பரமத்தியில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றச் சொன்னவர் செங்கோடண்ணனேதான். கூடைகளை ஒட்டிக் கரி இருப்பது அவர் கண்ணில் படவில்லை. மேடு ஏறுமுன் கண்டக்டர் பிளான்டில் கொட்டியது அந்த ஈரக் கரியைத்தான்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என்ற பொழப்புல தண்ணிய ஊத்திட்டீங்களேண்ணா" என்று கத்திவிட்டேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அந்நேரம் பின்னால் கரூர் பஸ் ஒன்று வந்து நின்றது. கரி கேட்டேன், தங்களுக்கே காணாது என்றார்கள். கூடைக்கு இடமில்லை, ஆட்கள் வேண்டுமானால் ஏறலாமாம். போச்சு, எல்லாரும் இறங்கிப் போகப்போகிறார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். நாமக்கல்லுக்கு வெண்ணெய் விற்கப் போகும் பாவாயி என்ன சொன்னாள் தெரியுமா?

"நீங்க போங்க. மழையில எனக்கோசரம் நின்ன பஸ்ஸு இது. நான் இதுலயே வாரேனுங்க."

ஒருத்தரும் போகவில்லை. கூடையோடு ஓடிவரும் ஆளைக் கண்டால் பிரேக் போடுவது என் வழக்கம். அதை யாராவது மனசில் வைத்திருப்பார்கள் என்று நான் நினைத்ததே இல்லை.

எதிர்க் காட்டில் ஆலைக்கொட்டாய் புகைந்துகொண்டிருந்தது. வெல்லம் காய்ச்சுகிற இடம். அங்கே போகலாம் என்றவளும் பாவாயிதான். ஆளுக்கொரு கைபிடித்து மூட்டைகளைத் தூக்கிப் போனோம், செங்கோடண்ணன் உட்பட. ஓட்டை விழுந்த பழைய வெல்லக் கொப்பரை ஒன்றை அடுப்பில் ஏற்றி, ஈரக் கரியைக் கடலை வறுப்பதுபோல வறுத்தோம். எல்லார் மூஞ்சியும் கருப்பு. ஆலைக்காரர் ஆளுக்குக் கொஞ்சம் சுடு வெல்லம் கொடுத்தார். கரியைக் கிளறிக்கொண்டே பாவாயி என்னைச் சீண்டினாள்.

"ஏஞ்சாமி, எந்நேரமும் வரப்போற பஸ்ஸயே பேசறீங்களே, நாங்க உக்காந்து வாரது இந்த பஸ்லதானுங்களே?"

கொட்டாயே சிரித்தது. நானும் சிரித்தேன். வாயில் வெல்லத்தோடு மேட்டில் நின்ற பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தேன். நல்ல வண்டிதான். இத்தனை நாளாக அதில் உட்கார்ந்துகொண்டே அதைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

காய்ந்த கரியைப் போட்டுப் புளோயரைச் சுற்றினோம். எஞ்சின் பிடித்தது. பஸ் முழுக்க ஒரே கூச்சல். சேலம் ஸ்டேஷனில் கடைசிக் கூடை ஏறியதும் கார்டு பச்சைக் கொடி காட்டினார். ரயில் போனபிறகு செங்கோடண்ணன் என் தோளில் கை போட்டார்.

"பஸ்ஸ வாங்கிப்போட்டா சனத்துக்கு எங்க போறதுன்னுதான் ரோசனையா இருந்துச்சு டிரைவரே. சனம் உங்ககிட்டவே இருக்குது. இனி பஸ்ஸுதான் பாக்கி."

யுத்தம் முடிந்தது, பஸ்ஸும் வந்தது. நினைத்த பெயின்ட், நினைத்த ஹாரன். முதல் டிரிப்பில் முதல் ஆளாக ஏறியவள் பாவாயி.

இன்றைக்கு ஸ்டீரிங் பிடிக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். சொந்த வண்டிக் கனவை விடாதீர்கள், நானும் விடவில்லை. ஆனால் அந்த வண்டிக்கு ஆள் ஏறுவது இன்றைக்கு நீங்கள் ஓட்டுகிற வண்டியில்தான்.