வளையலைக் கழற்றாமல் பாடிய பாட்டு

எனக்குச் சந்தேக புத்தி என்று எங்கள் வீட்டில் பெயர். பால்காரரில் தொடங்கி மருமகன் வரை ஒருத்தரையும் நம்பமாட்டேனாம். இருந்துவிட்டுப் போகட்டும். சந்தேகப்பட வேண்டிய ஓர் இடத்தில் மட்டும் ஏமாளியாக இருந்துவிட்டேன்.

அப்போது கோவை வானொலியில் மெல்லிசை பாடிக்கொண்டிருந்தேன். சூலூர் பஸ்ஸில், "நேத்து ரேடியோவுல நீங்கதானுங்களே" என்று எழுந்து இடம் கொடுப்பார்கள். அதைக் கேட்டுத்தான் சினிமாவில் டிராக் பாடக் கூப்பிட்டார்கள். பெரிய பாடகி வரும்வரை ஒப்புக்குப் பாடி வைப்பதுதான் டிராக். பிறகு நம் குரலை அழித்துவிடுவார்கள். எனக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்த கையோடு வீட்டுக்காரர் துணைக்கு வர, சென்னைக்குப் போனேன். பிரசவம் வரை வளையலைக் கழற்றக் கூடாதே. மைக்கில் சத்தம் விழுகிறதென்று ஒலிப்பதிவாளர் கடுகடுத்தார். கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பாடினேன்.

படம் ஓடியது. பாட்டு அதைவிட ஓடியது, பெரிய பாடகியின் பெயரில். என்னை அப்புறம் யாரும் கூப்பிடவில்லை. நம் குரல் தேறவில்லை என்று நொந்துபோய் வானொலியையும் விட்டேன். அந்தப் பாட்டு எங்கே கேட்டாலும் எழுந்து போய்விடுவேன்.

போன மாதம் மகள் ஹெட்போன் வாங்கித் தந்தாள். துணிந்து அந்தப் பாட்டைக் கேட்டேன். இரண்டாவது சரணத்தில் லேசாக ஒரு வளையல் சத்தம். திரும்ப வைத்தேன். அந்த இடத்தில் கையை உயர்த்திப் பாடியது நான்தான்; அழித்துவிட்டதாக நினைத்த என் குரலேதான் அது. அடப்பாவிகளா, யார் பார்த்த வேலை இது? இசையமைப்பாளரா, அந்தப் பாடகியம்மாவா?

பேப்பர் படித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னேன். மனிதர் ஆச்சரியப்படவே இல்லை. பக்கத்தைத் திருப்பினார். எனக்குச் சுருக்கென்றது.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமுங்களா?"

"அந்தம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு அம்மணி. உன்ற பாட்டையே வெச்சுக்கறோம், பேரும் போடறோம்னு என்றகிட்டக் கேட்டாங்க. டிராக்குன்னா வெளிய தெரியாது. பேரு வந்தா சினிமாக்காரின்னு சனம் பேசுமே. பேரும் வேண்டாம், இனிக் கூப்படவும் வேண்டாம்னு சொல்லிப்போட்டேன்."

எனக்குக் கொதித்தது. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"அப்போ என்ற குரலு நல்லாத்தான் இருந்துச்சுங்களா?"

"நல்லா இருக்கப்போயித்தானே கேட்டாங்க."

இந்த ஒரு பேச்சை அன்றைக்கே சொல்லியிருந்தால் நான் பாடுவதை நிறுத்தியிருக்க மாட்டேன்.