கோட்டுப் போட்ட நைனா

முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாக எங்கள் கூடத்துச் சுவரில் நைனா கோட்டும் டையுமாகத் தொங்கிக்கொண்டிருந்தார். உயிரோடு இருந்தவரை அவர் கோட்டைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. மந்தைவெளியில் மீன்பாடி வண்டி மிதித்தவர். மூன்று சக்கரம், முன்னால் பலகை, பின்னால் சீட்டு. ஐஸ் பாளம், பீரோ, கல்யாண வீட்டுப் பாத்திரம் என்று எதையும் ஏற்றிக்கொண்டு போவார். அப்படி மிதித்துத்தான் என்னை பி.காம். படிக்க வைத்தார்.

அவருக்குக் கோட்டு மாட்டிவிட்ட புண்ணியவான் நான்தான்.

எனக்கு வங்கி வேலை கிடைத்த மறு வருஷம் நைனா மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். காரியத்தன்று மாலை போட ஒரு படம் வேண்டும். வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்று. தெருவில் வேலை செய்கிறவர்களையெல்லாம் படம் எடுத்துக்கொண்டு திரிந்த ஒரு போட்டோக்காரர், நைனாவை வண்டியோடு நிறுத்தி எடுத்து, ஒரு பிரதியும் கொண்டுவந்து கொடுத்திருந்தார். முண்டாசு, வெற்று மார்பு, மடித்துக் கட்டிய லுங்கி. இதையா மாட்டுவது? ஆபீஸ்காரர்கள் வருவார்களே! எனக்கு உடம்பு கூசியது. இன்றைக்கு நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

படத்தை எடுத்துக்கொண்டு மயிலாப்பூரில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனேன். "தலை மட்டும் போதும் சார், உடம்பு நம்மகிட்ட ரெடியா கீது" என்றார் ஸ்டூடியோக்காரர். இறந்தவர்களுக்கென்றே கோட்டு உடம்பு, வெள்ளைச் சட்டை உடம்பு, ஜரிகை அங்கவஸ்திர உடம்பு என்று வரிசையாக வைத்திருந்தார். நான் கோட்டைக் காட்டினேன். அவர் பிளேடால் தலையை வெட்டி எடுத்து ஒட்டி, முண்டாசை மறைத்து, வகிடெடுத்த முடி வரைந்தார். போதாக்குறைக்கு ஒட்டிய கன்னத்தை உப்பவைத்து, நிறத்தையும் வெளுத்துவிட்டார். தலை போன மீதிப் படத்தை ஒரு கவரில் போட்டுத் திருப்பித் தந்தார். அம்மா கேட்டபோது, பழைய படத்தை ஸ்டூடியோவில் தொலைத்துவிட்டார்கள் என்று கூசாமல் பொய் சொன்னேன்.

அம்மா தினமும் அந்தப் படத்துக்குப் பூ வைத்தாள்.

போன வருஷம் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்தவள், படத்தின் முன்னால் போய் நின்றாள். நகரவேயில்லை.

"நல்லாத் தெரியுதாம்மா?"

"தெரியுதுப்பா. அதான் பேஜாரா கீது. உங்க நைனா மூஞ்சி எனுக்கு மறந்தே பூடுச்சு. கண்ண மூடினாக்கூட இந்தக் கோட்டுக்காரருதான் வராரு. அந்த வண்டி போட்டோ எங்கனா கீதா தேடிப் பாரு. சாவறதுக்குள்ள ஒருவாட்டி அவர் மூஞ்சியப் பாத்துடறேன்."

எங்கே தேடுவது? கவர் என் பீரோவிலேயே இருந்தது. எடுத்துப் பார்த்தேன். வண்டி இருந்தது, ஹேண்டில்பாரில் கை இருந்தது, கழுத்துக்கு மேல் ஓட்டை. பேரன் எடுத்த வயசில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

பிறகுதான் அந்தப் போட்டோக்காரர் நினைவுக்கு வந்தார். விசாரித்ததில் அவரும் காலமாகிவிட்டிருந்தார். சரி, அவ்வளவுதான் என்று விட்டுவிட்டேன். சில மாதம் கழித்து, அவர் எடுத்த தொழிலாளர் படங்களை ஆழ்வார்பேட்டையில் ஒரு ஹாலில் கண்காட்சியாக வைத்திருக்கிறார்கள் என்று பேப்பரில் பார்த்ததும், காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினேன்.

நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கும் பெண்கள், ரோடு போடுகிறவர்கள், இஸ்திரி போடுகிறவர் என்று சுவர் முழுக்க முகங்கள். பதற்றத்தில் ஒன்றும் மனசில் ஒட்டவில்லை. மூன்றாவது சுவரில் நைனா நின்றிருந்தார், தலையோடு. கீழே அட்டையில், "மீன்பாடி வண்டிக்காரர், மந்தைவெளி. பெயர் தெரியவில்லை."

"என்னம்மா பெயர் தெரியலை? எங்க நைனாம்மா இவரு!" என்று கத்திவிட்டேன்.

பொறுப்பாக இருந்த பெண் பதறிப்போய் ஓடிவந்தாள். "சாரி சார். இதுவரைக்கும் இவரைத் தெரியும்னு யாருமே வந்து சொல்லலை சார்."

அதற்கு மேல் நான் எந்த முகத்தோடு கத்துவது? அவள் நைனாவின் பெயரைக் கேட்டாள், சொன்னேன். அட்டையில் எழுதினாள். அடுத்த வாரமே ஒரு பிரதியும் போட்டுக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் ஓட்டைப் படத்தை அம்மாவின் மடியில் வைத்தேன். தொலையவில்லை, நான்தான் வெட்டச் சொன்னேன் என்றேன். அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. புதுப் பிரதியைக் கொடுத்தேன்.

"ஐயோ, இதோ கீறாரே!" என்றாள். கன்னத்தைத் தடவினாள், முண்டாசைத் தடவினாள். சிரித்துக்கொண்டே அழுதாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இவரப் பாத்து உனுக்கு இன்னாடா வெக்கம்?"

"தப்புதாம்மா. மன்னிச்சுடு."

"என்கிட்ட இன்னாத்துக்கு சொல்றே? அவர்கிட்ட சொல்லு."

படத்தை என் பக்கமாகத் திருப்பி, என் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். நான் சொல்லும்வரை அவள் படத்தைக் கீழே இறக்கவில்லை.