எதிர் வீட்டிலும் அடித்த மணி

பிள்ளைகளே, எண்பதுகளின் தொடக்கத்தில், திருவனந்தபுரம் ஆரியசாலையில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. எங்கள் வாசற்படி இறங்கினால் நேரே தெரு. பக்கத்திலேயே மிளகாய், மல்லி மூட்டை இறக்கும் கோடவுன். லாரிகள் பின்பக்கமாகத்தான் சந்துக்குள் நுழையும். பின்னால் யார் நிற்கிறார்கள் என்பது டிரைவருக்குத் தெரியவே தெரியாது.

அப்போது என் இளைய மகளுக்கு இரண்டு வயது. கதவின் கீழ்த் தாழ்ப்பாளைத் திறக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். மேல் தாழ்ப்பாளும் உண்டு. ஆனால் ஆள் வந்துபோகிற வீடு, யாராவது போட மறந்துவிடுவார்கள். நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை, எலக்ட்ரிக் சாமான் கடையில் வேலை பார்த்தவன். அந்தப் பழக்கத்தில், கதவு திறந்தால் அடுக்களையில் மணி அடிக்கிற மாதிரி ஒயர் இழுத்து வைத்தேன். பார்க்க அழகாக இருக்காது. ஒருநாளும் ஏமாற்றியதில்லை.

அந்தச் சமயத்தில் என் மச்சினன் கல்ஃபிலிருந்து லீவில் வந்தான். சுவரைப் பார்த்துச் சிரித்தான். “இது என்ன அத்தான், வீடா, டெலிபோன் எக்ஸ்சேஞ்சா?”

பெட்டியிலிருந்து இரண்டு சின்ன டப்பாக்களை எடுத்தான். ஒன்றைக் கதவில் மாட்டவேண்டும். மற்றதை வீட்டில் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். நடுவில் ஒயரே இல்லை. கதவு திறந்தால் குருவி மாதிரி கூவும். தெருவே வந்து பார்த்தது. நானும் ஆசையாகப் பழைய ஒயரைக் கழற்றிச் சுருட்டிப் பரணில் போட்டேன்.

கொஞ்ச நாளில், யாரும் கதவைத் தொடாதபோதும் குருவி கூவத் தொடங்கியது. விசாரித்தால், எதிர் வீட்டு மலையாளச் சேச்சியின் கணவரும் கல்ஃபிலிருந்து அதே சாமானை அனுப்பியிருக்கிறார்! அவர்கள் கதவு திறந்தால் இங்கே கூவும், எங்கள் கதவு திறந்தால் அங்கே கூவும். ஒயர் என்றால் போகவேண்டிய வீட்டுக்குத்தான் போகும். காற்றில் போகிறதற்கு எந்த வீடு என்று எப்படித் தெரியும்? “சேச்சி மீன் வாங்கப் போறாங்க” என்று என் மனைவி சிரிப்பாள். நாளடைவில் அந்தச் சத்தத்துக்கு நாங்கள் திரும்பிப் பார்ப்பதையே விட்டுவிட்டோம்.

ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். குருவி கூவியது.

“சேச்சியாத்தான் இருக்கும்” என்றபடி மனைவி ரசம் ஊற்றினாள். நானும் இலையிலிருந்து தலை தூக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் தெருவில் ஒரு அலறல். “வண்டி நிர்த்தடா! நிர்த்து!”

எச்சில் கையோடு ஓடினேன். லாரி நின்றிருந்தது. பின்சக்கரத்தின் அருகில் சேச்சி, என் மகளை இடுப்போடு இறுக்கிப் பிடித்தபடி நின்றார். கையெல்லாம் அரிசிமாவு. மகளின் கையில், கீழே பொறுக்கிய ஒரு வற்றல் மிளகாய்.

மகளை வாங்கிக்கொண்டேன். சேச்சி மூச்சிரைக்கச் சொன்னார். “என்ட கதவு அடச்சு கிடக்கு. பின்னே பெல் அடிச்சா அது உங்க கதவுதானே? கொச்சுப் பிள்ளை இறங்கிட்டுதுன்னு ஓடிவந்தேன்.” பிறகு என்னை உற்றுப் பார்த்தார். “அல்ல, உங்களுக்குக் கேக்கலையா?”

கேட்டது. கேட்டும் இலையைவிட்டு எழுந்திருக்கவில்லை.

அன்று சாயங்காலமே குருவியைக் கழற்றிவிட்டு, பரணிலிருந்து ஒயரை இறக்கினேன். இந்த முறை அடுக்களையோடு நிறுத்தவில்லை. சேச்சியிடம் கேட்டுக்கொண்டு, லாரி தட்டாத உயரத்தில் தெருவைத் தாண்டி இழுத்து, அவர் வீட்டிலும் ஒரு மணி வைத்தேன்.

“கொள்ளாம், நல்லா இருக்கு! எனக்கும் டியூட்டி போட்டாச்சா?” என்று சேச்சி சிரித்தார்.

மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கும்வரை அந்த ஒயர் தெருவுக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. ஒயர் நல்லதா, ஒயர் இல்லாதது நல்லதா என்று யார் கேட்டாலும் இன்றும் தயங்காமல் ஒயர் என்றுதான் சொல்வேன். அதோடு, எங்கே ஒரு மணி அடித்தாலும் அது வேறு யார் வீட்டுக்கோ என்று என்னால் இப்போது உட்கார்ந்திருக்க முடிவதில்லை.