பங்குக் கிணற்றில் தங்கமீன்

கிணற்றுக்குள் தங்கமீன் விட்டவள் என் அக்கா. என்னைக் கேட்டு விடவில்லை. கேட்பதற்கு எங்களுக்குள் பேச்சு வார்த்தையும் இல்லை.

அம்மா தன் காணியை எங்கள் இருவருக்கும் சீதனமாகப் பிரித்து எழுதியபோது, கிணறு சரியாக எல்லையில் நின்றது. ஆளுக்குப் பாதி என்று காணி உறுதிப் பத்திரத்தில் எழுதினார்கள். பழைய கல்வீடும் காய்க்கிற பலாவும் அக்காவின் பக்கம் போயின. எனக்கு வெறுங்காணியும் வெயிலும் கிடைத்தன. அதை நான் சொல்லிக் காட்டினேன். அம்மாவைக் கடைசிக் காலத்தில் யார் பார்த்தது என்று அவள் சொல்லிக் காட்டினாள். அதோடு முகம் பார்ப்பது நின்றது. பிறகு அவளுடைய மகன் லண்டனில் இருந்து காசு அனுப்பி மதில் கட்டுவித்தான். கிணற்றுக்கு மேலால் மதில் கட்ட முடியாது அல்லவா? இரண்டு பக்கமும் கிணற்றுக்கட்டு வரை மதிலைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, நடுவில் கிணற்றின் வாய்க்கு மேலே குறுக்காக ஒரு மரம் போட்டு, அதில் அக்கா தகரம் தொங்கவிட்டாள். தண்ணீர் அள்ளும்போது என் முகம் தெரியக் கூடாதாம். அந்தத் தகரத்துக்கு நானும் நன்றிதான் சொன்னேன், மனதுக்குள்.

தகரம் கிணற்றுக்கட்டோடு முடிந்துவிடும். அதற்குக் கீழே தண்ணீர் ஒன்றுதான். நெல்லியடிச் சந்தைக்குப் போகிற வழியில் பிரிகிற சின்னத் தெரு எங்கள் ஒழுங்கை. அந்த ஒழுங்கையில் வாயில் வைக்கக்கூடிய தண்ணீர் அந்தக் கிணற்றில் மட்டுமே இருந்தது. மற்றக் கிணறுகள் எல்லாம் உவர். கலியாண வீடு என்றால் தேத்தண்ணீர் போட எங்களிடம்தான் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். வருகிறவர்கள் என் வாசற்படலையால் வர வேண்டும் என்று எனக்கு ஆசை. காணியில் ஏமாந்தாலும் தண்ணீரில் எனக்குச் சரிபாதி இருந்தது. அதைத் தவிர வேறொன்றையும் வைத்து நான் பெருமைப்படவில்லை.

மாரி முடிந்த கையோடு டெங்கு பார்க்க வந்த உத்தியோகத்தர் கிணற்றுக்குள் ரோச் லைட் அடித்துப் பார்த்து, நுளம்புக் குடம்பி நெளிகிறது, மீன் விடுங்கள் என்றார். அவர்கள் சும்மா கொடுக்கிற சின்ன மீன் அக்காவுக்குப் போதாது. வளர்ப்பு மீன் விற்கிற கடைக்குப் போய்ச் செம்மஞ்சள் நிறத்தில், வாலை விசிறிக்கொண்டு திரிகிற தங்கமீன்களை வாங்கி வந்து விட்டாள். தன் பாதியில் விட்டாளாம். மீன் உறுதி வாசித்தா நீந்தும்? என் வாளிக்குள்ளும் வந்து வந்து போயின.

முதலில் பாண் துண்டு போட்டாள். பிறகு ஒருநாள் காலை, கிணற்றுக்கட்டில் குனிந்து பார்த்தபோது, அவள் பக்கத்தில் இருந்து ஒரு கயிறு தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. அதன் நுனியில் கல்லோடு சேர்த்துக் கட்டிய கடற்பாசிக் கொத்து. மீன்கள் அதைச் சுற்றி நின்று கொத்திக்கொண்டிருந்தன. கொத்து மெல்ல ஆடி ஆடி என் பக்கத்துக்கு வந்து போனது. கடலில் கிடந்ததை நான் குடிக்கிற தண்ணீருக்குள் போட்டிருக்கிறாளே!

பருத்தித்துறையில் இருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவருகிற வியாபாரியை மறித்துக் கேட்டேன்.

"ஓம் அக்கா, நான்தான் குடுத்தனான். வலையோடை வாற சாதாளைதானே. மீனுக்குப் போட எண்டு பெரியக்கா கேட்டவா. கழுவித்தான் போடுறவா" என்றான்.

கழுவினாளாம். எந்தத் தண்ணீரில் கழுவினாள்? அதே கிணற்றுத் தண்ணீரில்.

சித்திரை வெயில் ஏறியபோது தேத்தண்ணீரில் ஒரு உப்புக் கரிப்பு வந்தது. முதல் வாயிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"உவள் வேணுமெண்டுதான் செய்யிறாள். எனக்கு நல்ல தண்ணி கிடைக்கிறது உவளுக்குப் பொறுக்கேல்லை" என்றேன் கணவரிடம்.

"ஒரு பிடி பாசி முழுக் கிணத்தையும் உவராக்கக் காணுமே? விசர்க்கதை கதையாதை" என்றார் அவர்.

அவர் எப்போதும் இப்படித்தான். சண்டை என்றால் பேப்பரை விரித்துக்கொண்டு அதற்குப் பின்னால் போய்விடுவார். நான் முருங்கைக்காய் பறிக்கிற கொக்கத்தடியை எடுத்துப்போய், தகரத்துக்குக் கீழால் விட்டு, கயிற்றைக் கொளுவி இழுத்து, கொத்தை வாழையடியில் எறிந்தேன். மறுநாள் புதுக்கொத்து தொங்கியது. அதையும் இழுத்தேன். அவள் கயிற்றுக்குப் பதிலாகக் கம்பி போட்டாள். நான் குறட்டால் வெட்டினேன். எங்களுக்குள் ஒரு சொல் போகவில்லை. எல்லாம் கிணற்றுக்குள்ளேயே நடந்தது.

இதற்கிடையில் மோட்டர் சங்கதி ஒன்றும் இருந்தது. ஆளுக்கொரு தண்ணீர் இறைக்கிற மோட்டர். அவளுடையது உறுமத் தொடங்கினால் என்னால் சும்மா இருக்க முடியாது. இருக்கிற தண்ணீர் முழுவதையும் அள்ளிக்கொண்டு போய்விடுவாள் என்று ஓடிப்போய் என்னுடையதைப் போடுவேன். நான் போட்டால் அவள் போடுவாள். வாழைக்கு வேண்டாம் என்கிற அளவுக்கு விட்டேன். வாழை நிறைந்ததும் முற்றத்துக்கு விட்டேன். அவள் பக்கத்தில் இருந்து ஒழுங்கைக்கே தண்ணீர் ஓடியது. அதிகமாக இறைத்தால் அடியில் இருக்கிற உப்பு மேலே ஏறும் என்பது யாழ்ப்பாணத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? ஆனால் பாசி அல்லவா கண்ணுக்கு முன்னால் தொங்கிக்கொண்டிருந்தது!

கடைசியில் வியாபாரியையே மடக்கினேன்.

"அவளுக்குப் பாசி குடுக்கிறதெண்டால், இனி என்ரை படலையடியிலை ஹோர்ன் அடியாதையும்" என்றேன்.

அவன் பயந்துவிட்டான். பாசி நின்றது. கம்பி வெறுமனே தொங்கியது. நான் ஒவ்வொரு நாளும் தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்தேன். கரிப்பு குறையவில்லை. கூடிக்கொண்டே போனது. அப்போதும் எனக்கு அவள்மேல்தான் கோபம். முன்னே போட்ட பாசியின் உப்பு இன்னும் ஊறுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒருநாள் மத்தியானம் இரண்டு மோட்டரும் ஓடிக்கொண்டிருந்தபோது, என்னுடையதன் சத்தம் மாறியது. குழாயில் தண்ணீர் வரவில்லை, காற்றுத்தான் வந்தது. ஓடிப்போய்க் கிணற்றுக்கட்டில் குனிந்து, தலையைத் தகரத்துக்குக் கீழே விட்டுப் பார்த்தேன். அடிப்பாறை தெரிந்தது. நடுக்குழியில் கணுக்கால் அளவு தண்ணீர் கூட இல்லை. அதற்குள் தங்கமீன்கள் ஒன்றின்மேல் ஒன்று சரிந்து துடித்துக்கொண்டிருந்தன. நிமிர்ந்தால், எதிர்ப்பக்கத்தில் அவளுடைய தலை. நரைத்துப்போயிருந்தாள். நெற்றி அம்மாவின் நெற்றி மாதிரியே ஆகிவிட்டிருந்தது. அதைப் பார்க்கவும் எனக்குப் பிடிக்கவில்லை.

"மோட்டரை நிப்பாட்டு" என்றேன்.

"நீ முதல் நிப்பாட்டு."

"நீதானே முதல் போட்டனி!"

அவள் கீழே பார்த்தாள். "எடி, மீன் சாகுதடி" என்றாள்.

'எடி' என்று என்னைக் கூப்பிட இந்த உலகத்தில் அவளைத் தவிர வேறு ஆளில்லை. ஆனாலும் வாய் "சாகட்டும்" என்றுதான் சொன்னது.

அவளுடைய தலை மறைந்தது. சிறிது நேரத்தில் அவளுடைய மோட்டர் நின்றது. பிறந்ததில் இருந்து அக்கா எனக்கு விட்டுக்கொடுத்தது அதுதான் முதல் தடவை. என்னுடையது மட்டும் காற்றை இழுத்துக் கதறிக்கொண்டிருந்தது. நான் உடனே நிறுத்தவில்லை. வென்ற சத்தத்தை இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டும்போல இருந்தது.

பொழுதுபடக் கிணறு ஊறிவிட்டது. மீன்களும் பிழைத்துக்கொண்டன. மறுநாள் காலைத் தேத்தண்ணீரை வாயில் வைத்து, வைத்த வேகத்தில் துப்பினேன். கணவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"ரெண்டு பேருமாச் சேந்து இறைச்சு உப்பை மேலை இழுத்துப் போட்டியள். இனிச் சந்தோசம்தானே?" என்றார்.

அடுத்த மாரி வந்தும் தண்ணீர் பழையபடி திரும்பவில்லை. கலியாண வீட்டுக்காரர்கள் இப்போது யாருடைய படலையாலும் வருவதில்லை. அக்காவின் கம்பியில் மறுபடியும் கடற்பாசி தொங்குகிறது. தங்கமீன்களுக்கு அந்த உவர் ஒத்துக்கொண்டுவிட்டது, கொழுத்துத் திரிகின்றன. நான் கொக்கத்தடியை எடுப்பதில்லை. காப்பாற்றுவதற்கு அங்கே எனக்கு என்ன இருக்கிறது?

குடிதண்ணீர் பவுசர் லொறியில் வருகிறது. ஒழுங்கை முகப்பில் வந்து நின்று ஹோர்ன் அடிக்கும். நானும் தண்ணீர்க் கானோடு போவேன், அவளும் கானோடு வருவாள். கதைப்பதில்லை. அவள் வருவதைக் கண்டால் நடையை எட்டிப் போட்டு, அவளுக்கு முன்னால் என் கானைக் கொண்டுபோய் வைத்துவிடுவேன்.