மீன் பெட்டியும் என் டேஷ்போர்டும்

வேலந்தாவளம் சந்தையில மாட்டுத் தரகு பண்ற சுப்பண்ணன் போன மாசம் எங்க ஊட்டுக்கு வந்தார். மாடு பார்க்க இல்லீங்க... என் காரைப் பார்க்க!

இப்பல்லாம் பழைய வண்டித் தரகும் அவர்தான். காரைச் சுத்தி வந்தார். கதவைத் திறந்து டேஷ்போர்டைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

"பல்லு போன மாடுங்க இது. வந்த விலைக்குத் தள்ளிருங்க."

பொய்யில்ல. எங்க ஊர் கொல்லங்கோட்டு வெயில்ல நின்னு நின்னு டேஷ்போர்டு பாளம் பாளமா வெடிச்சிருந்துச்சு. தொட்ட இடம் துண்டாக் கையோட வரும். புதுசு வாங்கலாம்னா, அந்த மாடலையே நிறுத்திட்டாங்களாம்.

வீட்டுக்காரருக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம். மீன் கடை வெச்சிருக்கார். காரை வித்துட்டு லோடு ஆட்டோ வாங்கணும்னு ரொம்ப நாள் ஆசை. ஆசையில நியாயம் இருக்கு. ஆனா எனக்கு?

பொள்ளாச்சிப் பக்கம் கோபாலபுரத்துல இருக்கற அம்மா ஊட்டுக்குப் போகணும்னா, முன்னெல்லாம் யாருக்கு எப்ப ஒழியும்னு காத்துக் கிடப்பேன். நாப்பது தாண்டி லைசென்ஸ் எடுத்தேன். அதுக்கப்புறம் யாரையும் கேக்கறதில்ல — சாவியை எடுப்பேன், கிளம்புவேன். அந்தச் சாவியைக் குடுன்னா எப்படிங்க குடுப்பேன்?

"டேஷ்போர்டு சரியாயிட்டா விக்க மாட்டீங்கல்ல?"

"சரியானா பார்க்கலாம் ஜமீலா"ன்னார் வீட்டுக்காரர். ஆகவே ஆகாதுங்கற தைரியம்!

வந்துச்சு பாருங்க எனக்கு ரோசம். வீடியோ பார்த்தேன். பொள்ளாச்சிக்குப் போய் ரெசின் பசை, அதை இறுக வைக்கற ஹார்டனர், கண்ணாடி இழைத் துணியான ஃபைபர் மேட் எல்லாம் வாங்கினேன். ஏர்பேக் இல்லாத பழைய வண்டி, அதனால அந்தப் பயம் இல்ல. டேஷ்போர்டைக் கழட்டி வாசல்ல வெச்சாச்சு. உடைஞ்ச இடத்துல புது வடிவம் கட்டி, மேல ஃபைபர் மேட்டைப் போட்டு ரெசின் பூசினா இறுகிடும். அவ்வளவுதான் வேலை.

வடிவம் எதுல கட்டறது? மீன்கார ஊட்டுல தெர்மாகோலுக்கா பஞ்சம்! ஐஸ் பெட்டிங்களைக் கழுவி, வெட்டி, ஒட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு... மீட்டருக்கு மேல ஒரு வளைவு, டம்ளர் வைக்க ஒரு குழி. நானே அசந்துட்டேன்.

ரெசினைப் பூசினேன். கண்ணு முன்னாடியே என் வளைவு கரைஞ்சு உள்ள போச்சு! ரெசின் தெர்மாகோலைத் தின்னுடுமாம். வீடியோக்காரன் சொல்லித்தான் இருப்பான்... நான்தான் அவசரத்துல வீடியோவை ஓட்டி ஓட்டிப் பார்த்தேன்.

வீட்டுக்காரர் வந்து அந்தக் கொழகொழப்பை எட்டிப் பார்த்தார். "ஏம்புள்ள, அயிலைக் குழம்பா?"

சிரிக்கறார். எனக்கு அழுகையா வந்துச்சு. ஃபைபர் குத்தி உடம்பெல்லாம் அரிப்பு வேற. போதும்டா சாமின்னு அடுப்படிக்குப் போயிட்டேன்.

அன்னிக்கு வெள்ளிக்கிழமை, பிரியாணி. தம் போட சட்டி வாயை ஃபாயில் தாளால இறுக்கி மூடினேன். மூடின கை அப்படியே நின்னுடுச்சு. ஆவியையே விடாத தாள், ரெசினை விடுமா?

ஒரு சின்னத் தெர்மாகோல் துண்டைத் தாள்ல சுத்தி, ரெசின் பூசி வெச்சேன். கரையல!

அப்புறம் என்ன... மறுபடியும் மீன் பெட்டி, மேல பிரியாணித் தாள், இடுக்கெல்லாம் டேப். மாஸ்க் போட்டுக்கிட்டு முதல்ல இருந்து ஆரம்பிச்சேன். பாலக்காட்டுக் காத்து சும்மா இருக்குமா? காயாத ரெசின் மேல பக்கத்து ஊட்டுக் கோழி இறகைக் கொண்டாந்து ஒட்டுச்சு. தேய்ச்சேன். பட்டி பார்த்தேன். திரும்பத் தேய்ச்சேன். கறுப்புப் பெயிண்ட் அடிச்சு மாட்டினப்ப, நாலு தரம் கதவைத் திறந்து திறந்து பார்த்துக்கிட்டேன்.

போன வாரம் சுப்பண்ணன் திரும்ப வந்தார். டேஷ்போர்டைத் தட்டினார். தடவினார்.

"ஆருங்க செஞ்சது?"

"நான்தானுங்க."

மனுசன் தோள் துண்டை எடுத்து வீட்டுக்காரர் கை மேல போட்டார். மாட்டுச் சந்தைப் பழக்கம் — விலையை வாயால சொல்ல மாட்டாங்க, துண்டுக்கு அடியில விரலைப் பிடிச்சுத்தான் பேசுவாங்க. வீட்டுக்காரர் கண்ணு விரிஞ்சுச்சு. விலை நல்லா ஏறிடுச்சுன்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு.

பார்த்தீங்களா கூத்தை? விக்கணும்னு முடிவு பண்ணிட்டவங்களுக்கு, பொருள் கெட்டாலும் காரணம்... நல்லா இருந்தாலும் காரணம்! "சரியானா பார்க்கலாம்"னு சொன்னவர், என் முகத்தைப் பார்க்காம இன்னொரு கையால தாடியைச் சொறிஞ்சுக்கிட்டு நின்னார்.

எனக்குச் சுர்ருன்னுச்சு. நேரா போய் அந்தத் துண்டை உருவிட்டேன். ரெண்டு பெரிய மனுசங்க பட்டப்பகல்ல விரலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்க! அந்தத் துண்டாலயே டேஷ்போர்டை நிதானமாத் துடைச்சேன். மடிச்சுத் திருப்பிக் கொடுத்தேன். சீட்டுல உக்காந்து வண்டியை ஸ்டார்ட் பண்ணினேன்.

"ஏறுங்கண்ணா. உங்களை வேலந்தாவளத்துல விட்டுட்டு, அப்படியே நான் அம்மா ஊட்டுக்குப் போறேன்."

சுப்பண்ணன் சிரிச்சுக்கிட்டே ஏறிட்டார். வீட்டுக்காரர் ஜன்னல்கிட்ட வந்து, "அப்ப மத்தியானச் சோறு?"ன்னார்.

"ஃபாயில் தாள் மிச்சம் இருக்குங்க... இன்னிக்கு நீங்க தம் போடுங்க!"