சோப்பு போடாமல் வந்த நுரை

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்குக் கொசு என்று பெயர். கேலியாகத் தொடங்கிப் பாராட்டாகிப்போன பெயர். அவள் ஊசி உள்ளே போவதும் தெரியாது, வெளியே வருவதும் தெரியாது, பஞ்சை வைத்து அழுத்தும்போதுதான் நாற்காலியில் இருப்பவர் "எடுத்தாச்சா?" என்று கேட்பார். நரம்பு ஒளிந்துகொள்ளும் பெரியவர்கள், ஊசியைப் பார்த்ததுமே வீறிடும் குழந்தைகள், மயங்கி விழத் தயாராக வரும் தடியான ஆண்கள், எல்லாரையும் அவளிடம்தான் தள்ளிவிடுவார்கள். அவளும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வாள். அந்த வேலையில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்க வேண்டிய கர்வம்தான்.

அந்தக் கொசுவுக்கே அரிக்கத் தொடங்கியது.

முதலில் கழுத்துப் பட்டை உரசும் இடம். பிறகு முழங்கை மடிப்பு. அப்புறம் மணிக்கட்டு, வெள்ளைக் கோட்டின் கை முடிகிற இடத்தில் வளையல் போட்டதுபோல ஒரு சிவப்பு வட்டம். ஊசி பிடிக்கிறவளுக்கு இதைவிடக் கொடுமை கிடையாது. உறை மாட்டிய கையால் சொறியக் கூடாது. சொறிந்தால் உறையைக் கழற்றிப் போட்டு, கையைக் கழுவி, வேறு மாட்ட வேண்டும். எதிரே விடிகாலையிலிருந்து வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கும் கூட்டம் சும்மா இருக்குமா? பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வாள். கொசு கடித்தால் ஊருக்கு அரிக்கும், இங்கே கொசுவுக்கே அரிக்கிறதே என்று பக்கத்து நாற்காலிக்காரி சிரித்தாள். ஆரம்பத்தில் இவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வந்தது.

ஒருநாள், கையை நீட்டிய ஒரு பெண்மணி இவள் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டாள். "இது ஒட்டிக்குமா?" என்று கேட்டாள். இல்லை, வெறும் அலர்ஜி என்று இவள் சொல்லி முடிப்பதற்குள் எழுந்து பக்கத்து நாற்காலிக்குப் போய்விட்டாள். அவளைப் பார்த்து அடுத்தவர் போனார். வாய் இருக்கிற கூட்டம் அது; சாயங்காலத்துக்குள் விஷயம் பெரிய டாக்டர் காதுக்கு எட்டிவிட்டது. டாக்டரம்மா கெட்டவரில்லை. கூப்பிட்டு உட்காரவைத்தே சொன்னார்.

"ஒட்டாதுன்னு எனக்குத் தெரியும். வந்து உட்கார்றவங்களுக்குத் தெரியாதே. மாசக் கடைசி வரைக்கும் பார்ப்போம். சரியாகலன்னா நீங்க உள்ள போய் ஸ்டிக்கர் ஒட்டுங்க."

ஸ்டிக்கர் ஒட்டுவது என்றால் ஜன்னல் இல்லாத உள்ளறையில் உட்கார்ந்து, ரத்தக் குழாய்களில் பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொண்டிருப்பது. ஊசி பிடிக்கத் தெரியாதவர்களுக்குக் கொடுக்கும் வேலை.

தோல் டாக்டரிடம் ஓடினாள். அவர் களிம்பு எழுதிக் கொடுத்தார், கூடவே துணி எதில் துவைக்கிறீர்கள் என்று விசாரித்தார். முன்பக்கம் கதவு வைத்த மெஷின் என்றாள். வாங்கிக் கொஞ்ச காலம்தான் ஆகிறது, அதற்கு முன்னால் வாளியும் கையும்தான். அந்த மாதிரி மெஷின் தண்ணீரைச் சிக்கனமாகத்தான் எடுக்கும், சோப்பு அதிகமானால் அலசிப் போகாமல் துணியிலேயே தங்கிவிடும் என்று டாக்டர் விளக்கினார். அதற்கென்றே இருக்கிற, நுரை குறைந்த திரவ சோப்பு வாங்குங்கள். வாசனையும் நிறமும் இல்லாததாக இருக்கட்டும். பாதி மூடி போதும். துணியை மெத்தென்று ஆக்குகிற எதையும் ஊற்றாதீர்கள். ஒரு முறை கூடுதலாக அலச விடுங்கள் என்றார். கேட்பதற்கு எவ்வளவு சுலபமாக இருந்தது.

கடைக்குப் போனால் ஒரு சுவர் முழுக்க சோப்பு. எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? மென்மையான சருமத்துக்கு என்று ஒரு பாட்டில், மேலே குழந்தை படம். மூடியைத் திறந்தால் பவுடர் டப்பாவைக் கவிழ்த்த வாசனை. இயற்கை என்று இன்னொன்று, இலை படம் போட்டது, அது பூக்கடை. துணியோடு அப்படியே உள்ளே போடுகிற சோப்பு உருண்டைகளை வாங்கிப் பார்த்தாள். ஒரு உருண்டை அவர்கள் வீட்டுத் துணிக்கு அதிகம், பாதியாக வெட்டவும் முடியாது. மூன்று பேர் துணிக்காகக் கல்யாண வீட்டுத் துணியையா தேடிக்கொண்டு போவாள்? கடைப் பெண்ணோ ஒவ்வொன்றையும் மோந்து பார்த்து, "இது நல்லா மணக்கும் மேடம்" என்று அதையே சிபாரிசு செய்துகொண்டிருந்தாள். மணக்காததுதான் வேண்டும் என்றால் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். கடைசியில் கீழ்த்தட்டின் மூலையில், படமும் இல்லாமல் பகட்டும் இல்லாமல் ஒரு வெள்ளை பாட்டில் கிடைத்தது. வாசனை இல்லை, நிறம் இல்லை, முன்கதவு மெஷினுக்கு ஏற்றது என்று அச்சிட்டிருந்தது. விலையைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினாள்.

அரிப்பு குறையவில்லை. கூடியது.

லிஃப்ட் மெக்கானிக்கான அவள் புருஷனிடம் சொல்லி அழுதால், "எல்லாம் சரியாயிடும், விடு" என்பான். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஏற்றி இறக்குகிறவனுக்குத் தன் வீட்டில் மட்டும் எந்தப் பொத்தானை அமுக்குவதென்று தெரியாது.

துணி துவைக்கிற இலாகா மாமனாருடையது. யாரும் கொடுக்கவில்லை, அவராக எடுத்துக்கொண்டது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆயுள் முழுக்க பாய்லர் பார்த்த மனிதர். உள்ளே தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்ட பாய்லரில் ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, மட்டம் இறங்கினால் ஏற்றிவிடுவதுதான் உத்தியோகம். ஓய்வு பெற்ற பிறகு பார்ப்பதற்கு ஒன்றுமில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வட்டக் கண்ணாடிக் கதவோடு மெஷின் வந்து இறங்கியதும் மனிதருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஸ்டூலைப் போட்டு எதிரே உட்கார்ந்தால் துணி சுற்றி முடியும்வரை எழுந்திருக்க மாட்டார். மருமகள் இருட்டு விலகும் முன்பே வேலைக்குப் போகிறவள். அதனால் துணியை உள்ளே போட்டு, மேல் இழுப்பறையில் சோப்பை அவளே அளந்து ஊற்றிவிட்டுப் போவாள். விடிந்ததும் பொத்தானை அமுக்கிக் காவல் காத்து, மொட்டைமாடியில் உலர்த்தி, மடித்து வைப்பது அவர் பொறுப்பு. கோட்டை அவர் மடிக்கிற அழகைப் பார்த்தால் கடையில் வாங்கியதுபோல இருக்கும். நல்ல மனிதர்தான். தப்பு செய்தேன் என்று சொல்கிற பழக்கம் மட்டும் கிடையாது. கண்ணாடி டம்ளர் கை நழுவி உடைந்தால், டம்ளரைச் செய்தவனைத் திட்டுவார்.

மாசக் கடைசி நெருங்கியது. ஒரு மத்தியானம், கழற்றிய கோட்டை முகத்துக்கு நேரே பிடித்து மோந்து பார்த்தாள். எலுமிச்சை வாசனை. சந்தேகமே இல்லை. வாசனை கிடையாது என்று அச்சடித்து விற்றுவிட்டு இப்படியா ஏமாற்றுவது? பாட்டிலையும் கோட்டையும் பைக்குள் திணித்துக்கொண்டு நேரே கடைக்குப் போனாள். இத்தனை நாள் அடக்கிவைத்திருந்ததெல்லாம் அந்தக் கடைக்காரர் தலையில் இறங்கியது. அவர் பொறுமைசாலி. பாட்டிலைத் திறந்து மோந்தார். கோட்டை மோந்தார். மறுபடி பாட்டிலை மோந்தார்.

"பாட்டில்ல இல்லாத வாசனை கோட்டுக்கு எங்கேருந்து வந்துச்சு மேடம்?"

பாட்டிலையும் கோட்டையும் மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வந்தது.

மறுநாள் விடுமுறை. துவைத்து மடித்து வைத்திருந்த கோட்டுகள் எல்லாவற்றையும் எடுத்து மெஷினில் போட்டாள். ஒரு சொட்டு சோப்பு ஊற்றவில்லை. வெறும் வெந்நீர். மெஷினில்தான் ஏதோ கோளாறு இருக்கிறதா, பார்த்துவிடுவது என்ற ஆத்திரம். மாமனாரின் ஸ்டூலில் அவளே உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் துணி மட்டும் புரண்டது. பிறகு கண்ணாடியின் அடியில் வெள்ளையாக ஒரு கோடு. அது ஏறியது. பாதிக் கண்ணாடியை மறைத்தது. சோப்பே போடாத மெஷினுக்குள், பால் பொங்குவதுபோல நுரை பொங்கி, துணியே தெரியாமல் போய்விட்டது.

பின்னால் மாமனார் வந்து நின்றார். அவர் முகத்தில் சந்தோஷம்.

"இப்பதாம்மா ஒழுங்கா துவைக்குது" என்றார்.

"நான் சோப்பே போடல மாமா."

அவர் கண்ணாடியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மெதுவாகத் தன் அறைக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு பெரிய பாக்கெட். வாளியில் கையால் துவைக்கிற காலத்துப் பவுடர். எலுமிச்சை படம் போட்டது. முக்கால்வாசி காலி.

விஷயம் இதுதான். அவள் ஊற்றிவிட்டுப் போகும் சோப்பு கண்ணாடியில் நுரை காட்டவில்லை. கண்ணாடியில் தெரியாதது உள்ளே இல்லை என்பதுதான் அவர் ஆயுள் முழுக்கப் படித்த பாடம். மட்டம் இறங்கினால் ஏற்ற வேண்டும். அதனால் தினமும் ஒரு குவளை வெந்நீரில் பவுடரைக் கரைத்து, மெஷின் ஓடும்போதே இழுப்பறை வழியாக ஊற்றி, கண்ணாடி நிறைந்தபிறகுதான் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார்.

"உனக்கு அரிக்குதுன்னா துணியில அழுக்கு சரியா போகலன்னு நினைச்சேன்மா" என்றார். "அரிப்பு கூடக் கூட, நானும் கூட்டிக்கிட்டே போனேன்."

பாவம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். கடைக்கும் டாக்டருக்கும் அலைந்த அலைச்சல், ராத்திரியெல்லாம் கழுத்தைச் சொறிந்து ரணமாக்கிக்கொண்டது, கூட்டத்துக்கு நடுவில் தலைகுனிந்து நின்றது, எல்லாம் சேர்ந்து வந்தது. வாயில் வந்ததைச் சொன்னாள். ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கக் கூடாதா என்றாள். என் வேலையே போகப்போகிறது என்றாள்.

"இனிமே அந்த மெஷின் பக்கமே வராதீங்க மாமா."

அவர் டம்ளரைச் செய்தவனையோ மெஷினைச் செய்தவனையோ திட்டவில்லை. ஸ்டூலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

காரணம் தெரிந்ததால் தோல் உடனே ஆறிவிடுமா? ஆறவில்லை. எத்தனை முறை அலசினாலும் கோட்டிலிருந்து மிச்ச நுரை வந்துகொண்டே இருந்தது. அரிப்பு தணிந்தது, ஆனால் மணிக்கட்டுச் சிவப்பு அப்படியே இருந்தது. மாசக் கடைசியில் பெரிய டாக்டர் கையைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். அவள் உள்ளறைக்குப் போனாள். பெயர்ச்சீட்டுச் சுருளைப் பிரித்துக் குழாய் குழாயாக ஒட்டினாள். வெளியே தன் நாற்காலியில் புதுப் பெண் யாரோ ஒரு குழந்தையை மறுபடி மறுபடி குத்துவதும், குழந்தை கத்துவதும் கேட்டது. எழுந்து போகத் துடித்த காலை நாற்காலிக் காலோடு பின்னிக்கொண்டாள்.

அந்த வாரமே ஒரு காலையில், வெளியே பழக்கமான குரல் கேட்டது. மாமனார் சர்க்கரை பார்க்க வந்திருந்தார். புதுப் பெண் கையை நீட்டச் சொல்ல, அவர் நீட்டவில்லை. என் மருமகள் எடுக்கட்டும் என்றார். அவங்க இப்ப எடுக்கிறதில்லை என்றாள் அந்தப் பெண். பாய்லர் இரைச்சலில் காது மந்தமான ஆள். மெதுவாகப் பேச வராது. அவர் பேசியது வாசல்வரை கேட்டது.

"அவ கையில இருக்கிறது ஒட்டிக்கிற வியாதி இல்ல. நான் அவ துணியில சோப்பைக் கொட்டினேன். கேக்காம கொட்டினேன். தப்பு என்மேல. அவளை ஏன் உள்ள வச்சிருக்கீங்க?"

கூடமே அவர் பக்கம் திரும்பியது. உள்ளே இவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல வெட்கம். பெரிய டாக்டர் தன் அறைக் கதவைத் திறந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளறைப் பக்கம் திரும்பி, வாங்க என்பதுபோலத் தலையை அசைத்தார்.

அவள் வந்து உறை மாட்டிக்கொண்டாள். மாமனார் கையை நீட்டிவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கட்டுப் பட்டையை இறுக்கி, விரலை மடக்கச் சொல்லும்போது பார்த்தாள். விரல் நுனியெல்லாம் வெளுத்து, சுருங்கி, தண்ணீரிலேயே ஊறிக் கிடந்தவை மாதிரி இருந்தன. நக ஓரம் வெடித்திருந்தது.

"காலைல என்ன மாமா பண்ணினீங்க?"

"மெஷின் பக்கம் போகலம்மா" என்றார் அவசரமாக. "வாளியிலதான். நீ போனதும் உன் கோட்டெல்லாம் எடுத்து அலசுவேன். வெறும் தண்ணிதான். தண்ணி கலங்காம வர்ற வரைக்கும் அலசுவேன். இன்னைக்குத்தான் தெளிஞ்சு வந்துச்சு."

கோபம் முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். ஆனால் ஊசியை எடுத்தவளுக்கு நரம்பு தெரியவில்லை. கண்ணை மறைத்துக்கொண்டு தண்ணீர் நின்றது. உறை மாட்டிய கையால் துடைக்கவும் முடியாது. "ஒரு நிமிஷம் மாமா" என்று சொல்லிவிட்டு, தலையை நிமிர்த்தி, அது வடியட்டும் என்று காத்திருந்தாள். பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருந்தது. வரிசையில் நின்றவர்கள் யாரும் அதற்கு நகரவில்லை.